பனிக்காலக் கொசு

அமெரிக்காவில் க்யூலெக்ஸ் பிப்பியன்ஸ் என்றொரு கொசு. குளிர் வருமுன் ஆணெல்லாம் செத்துப்போகும். பெண் மட்டும் பூந்தேன் குடித்துக் கொழுத்து, நிலவறையில் மாதக்கணக்கில் ஒடுங்கிக் கிடக்கும்.

சில வாரமே வாழ்கிற கொசு அத்தனை நாள் எப்படித் தாங்குது? பிராணவாயுவை உடம்பு பயன்படுத்தும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற நச்சும் உண்டாகும். அதை முறிப்பது கேட்டலேஸ் என்ற நொதி. புண்ணில் அந்த மருந்தை ஊற்றினா நுரைக்குதே, அது நம்ம கேட்டலேஸ் வேலைதான்! உறங்கும் கொசுவுக்கு இந்த நொதி கூடுதல். 2011-ல் ஒஹாயோ ஆய்வாளர்கள் அதைத் தடுத்தார்கள். கொசு சீக்கிரமே செத்தது.

நம்மூரில் யானைக்கால் நோய் பரப்பும் க்யூலெக்ஸ், இதற்குத் தங்கை முறை. அதற்கு உறக்கமே கிடையாது. மார்கழியானாலும் சாக்கடைத் தண்ணீரை ஒரு வாரம் தேங்க விடாதீங்க.