ஐசியுவில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது
(நம் குடியிருப்பின் செவிலியர் தினக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மே 12 வந்தால் செவிலியருக்குப் பூக்கொத்து கொடுக்கிறோம், நல்லதுதான். நான் அவர்களுக்குப் பாடம் எடுத்தவள் என்பதால் படிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

கிரிட்டிக்கல் கேர் நர்ஸ் பிராக்டிஷனர் என்று இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு இருக்கிறது. பி.எஸ்சி. நர்சிங் முடித்து, ஓராண்டாவது வேலை பார்த்தவர்கள்தான் சேரலாம். பெரும்பகுதி நேரம் ஐசியுவில்தான். வென்டிலேட்டர், மருந்து அளவு எல்லாம் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். நோயாளியின் மானம், சம்மதம், உண்மை சொல்வது என்று அறம் பற்றிய வகுப்பும் உண்டு. 2021-இல் வந்த பி.எஸ்சி. பாடத்திட்டத்திலேயே இதற்கென்று 20 மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதனால், "இதெல்லாம் தெரிஞ்சதுதானே மேடம்" என்பார்கள்.

ஒரு மாணவி தன் பயிற்சிக் குறிப்பேட்டில் எழுதியிருந்தாள்: மயக்கத்தில் இருந்த பெரியவருக்கு வாய் சுத்தம் செய்யும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டு, என்ன செய்யப்போகிறேன் என்று சொன்னாளாம். பக்கத்தில் நின்ற சீனியர் சிரித்துவிட்டார். மறுநாள் அவள் பேசவில்லை. மயக்கத்தில் இருப்பவருக்குக் காது கேட்கக்கூடும் என்று பரீட்சையில் எழுதியவள்தான்! 20 மணி நேரம் படித்தது ஒரு சிரிப்பில் போய்விட்டது. வகுப்பை விட வார்டுதான் பெரிய வாத்தியார்.

இன்னொருத்திக்கு வந்தது இதைவிடக் கஷ்டம். "அப்பாவுக்குக் கேன்சர்னு சொல்லிடாதீங்க" என்று குடும்பமே கையைப் பிடித்துக் கேட்டிருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு அந்த அப்பா, "எனக்கு என்னம்மா வியாதி?" என்றார். நோயின் பெயரை அவளாகச் சொல்லக் கூடாது. பொய்யும் சொல்லக் கூடாது. "உங்களுக்கு என்ன தோணுது ஐயா?" என்று கேட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள். காலையில் டாக்டரிடம், அவர் தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று சொன்னாள். மகன் அவள்மேல் பாய்ந்தார். அவளைத் திட்டும் உரிமை அவருக்கு இல்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

பாருங்கள், அந்த மகன் நம்மில் யாராகவும் இருக்கலாம். நாமும் இவர்களுக்குப் பாடம் நடத்துகிறோம்.

ஒரு மகள் என்ன செய்தார் தெரியுமா? "அம்மாவுக்கு இடது காது கேட்காது. வலப்பக்கம் நின்று, டீச்சரம்மா என்று கூப்பிடுங்கள், திரும்புவார்" என்று ஒரு சீட்டில் எழ்திக் கொடுத்தார். கட்டில் தலைமாட்டில் ஒட்டிவைத்தோம். அன்றிலிருந்து எல்லா ஷிப்டிலும் எல்லோரும் வலப்பக்கம் நின்றுதான் பேசினார்கள், அந்தச் சீனியர் உட்பட.