கெடு தேதியை நம்பிப் பட்டறை போடாதீர்கள்
(வானொலி வேளாண் நிகழ்ச்சியில் ஒலிபரப்பான பேச்சு)



வெங்காயத்துக்கு எப்போது மருந்து அடிக்கணும், எப்போது தண்ணீரை நிறுத்தணும் என்று இந்த நிகழ்ச்சியிலே பலரும் பேசக் கேட்டிருப்பீர்கள். இன்றைக்கு நான் பேசப்போவது பயிரைப் பற்றி அல்ல. வெங்காயம் காட்டை விட்டு வந்த பிறகு அதன் விலையைத் தூக்கியும் தள்ளியும் விடுகிற ஏற்றுமதி உத்தரவுகளைப் பற்றி.

"அது ஏற்றுமதிக்காரர் பாடு, நமக்கு என்னங்க?" என்று கேட்பீர்கள். கேள்வி நியாயம்தான். ஆனால், பெரம்பலூரிலோ திண்டுக்கல்லிலோ ஒருத்தர் சின்ன வெங்காயத்தை அறுத்துக் காயவைத்துப் பட்டறை போடுகிறார் என்றால், பின்னாலே விலை வரும் என்ற நம்பிக்கையிலேதானே போடுகிறார்? பட்டறையிலே இருக்கிற ஒவ்வொரு வாரமும் எடை குறையும், கொஞ்சம் அழுகும், கொஞ்சம் முளைக்கும். எத்தனை நாள் வைப்பது என்பதை மண்டி விலை மட்டும் தீர்மானிப்பதில்லை. டெல்லியிலே போடுகிற ஒரு பக்கத்து உத்தரவும் தீர்மானிக்கிறது.

2023-ஆம் வருஷத்துக் கதையைப் பாருங்கள். ஆகஸ்ட் 19-ஆம் தேதி வெங்காய ஏற்றுமதிக்கு நூற்றுக்கு 40 வரி போட்டார்கள். டிசம்பர் 31 வரை என்று கெடுவும் சொன்னார்கள். ஆனால் அக்டோபர் 28-ஆம் தேதியே வேறு உத்தரவு வந்துவிட்டது. டன்னுக்கு 800 டாலருக்குக் குறைந்த விலையிலே வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்றார்கள். அதாவது கிலோவுக்கு ஏறக்குறைய 67 ரூபாய். அதற்கும் டிசம்பர் 31 தான் கெடு. அந்தக் கெடுவும் நிற்கவில்லை. டிசம்பர் 8-ஆம் தேதி முதல் ஏற்றுமதியையே தடை செய்துவிட்டார்கள், 2024 மார்ச் 31 வரை என்று. மார்ச் 31 வந்தால் கதவு திறக்கும் என்று பலரும் நாளை எண்ணிக்கொண்டு இருந்தார்கள். மார்ச் 22-ஆம் தேதி, மறு உத்தரவு வரும் வரை தடை நீடிக்கும் என்று அறிவிப்பு வந்தது.

நாலு மாதத்துக்குள்ளே மூன்று கெடு. மூன்றிலே ஒன்றுகூடச் சொன்னபடி நிற்கவில்லை. நான் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. பட்டணத்துச் சமையல்கட்டிலே விலை ஏறினால் அரசாங்கம் கதவைச் சாத்தத்தான் பார்க்கும். 2019 செப்டம்பரிலும், 2020 செப்டம்பரிலும் அப்படித்தான் சாத்தினார்கள். ஆகையாலே உத்தரவிலே எழுதியிருக்கிற கடைசித் தேதியை வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. "மார்ச் 31-க்குத் திறந்துவிடும்" என்று அதை நம்பி இருப்பு முழுவதையும் பட்டறையிலே வைப்பவர், மழையை நம்பிக் கிணற்றைத் தூர்த்தவர் மாதிரிதான். ஒரு பகுதியை உள்ளூர் விலைக்கு விற்றுவிட்டு, மீதியை வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

அடுத்ததாக, ஒரே வெங்காயத்துக்கு இரண்டு இடத்திலிருந்து உத்தரவு வரும் என்பதை நினைவிலே வையுங்கள். தடை போடுவதும் எடுப்பதும், குறைந்தபட்ச விலை வைப்பதும் வர்த்தக அமைச்சகத்தின் கீழே உள்ள வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம். டி.ஜி.எஃப்.டி. என்பார்கள். ஏற்றுமதி வரி போடுவது நிதி அமைச்சகம். ஒன்றை மட்டும் படித்தால் ஏமாந்துபோவோம்.

2024 மே 4-ஆம் தேதி தடை நீங்கியது. "ஏற்றுமதி திறந்தாச்சு" என்ற பேச்சு ஊரெல்லாம் பரவியது. திறந்தது உண்மைதான். ஆனால் டன்னுக்குக் குறைந்தது 550 டாலர் விலை என்றும், அதன்மேல் நூற்றுக்கு 40 வரி என்றும் இருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 550-க்கு வரி 220, ஆக மொத்தம் 770 டாலர். அந்த விலைக்கு வெளிநாட்டிலே ஆள் கிடைத்தால்தானே இங்கே நமக்கு விலை? அந்த வரியை ஏற்றுமதிக்காரர் தன் மடியிலிருந்து எடுத்துக் கட்டமாட்டார். நம்மிடம் வாங்குகிற விலையிலேதான் கழிப்பார். அந்த வருஷம் செப்டம்பர் 13-ஆம் தேதி குறைந்தபட்ச விலையை எடுத்துவிட்டு, வரியையும் 20 ஆகக் குறைத்தார்கள். அந்த 20-ம் 2025 ஏப்ரல் 1 முதல் நீங்கியது. அதை மார்ச் 22-ஆம் தேதியே அறிவித்துவிட்டார்கள். பாருங்கள், திறக்கும்போது பத்து நாள் முன்னதாகவே சொன்னார்கள். சாத்தும்போது ஒரு ராத்திரிதான் அவகாசம்.

அப்படி ராத்திரியோடு ராத்திரியாகச் சாத்தினால், வழியிலே நிற்கிற லாரி லோடு என்ன ஆகும்? அதையும் உத்தரவிலேயே எழுதியிருப்பார்கள். 2023 டிசம்பர் தடையிலே, உத்தரவுக்கு முன்னமே கப்பலில் ஏற்ற ஆரம்பித்திருந்தால் போகலாம். ஏற்றுமதிப் பத்திரம் தாக்கல் செய்து கப்பலும் துறைமுகத்துக்கு வந்திருந்தால் போகலாம். சரக்கைச் சுங்க இலாகாவிடம் ஒப்படைத்துப் பதிவாகியிருந்தால் போகலாம் என்றார்கள். வியாபாரியோடு பேசி முடித்து அட்வான்ஸ் வாங்கியதோ, லாரியில் ஏற்றியதோ கணக்கிலே வராது. அதனாலே விலை பேசும்போதே, "இடையிலே தடை வந்தால் என்ன செய்வது? வரி கூடினால் யார் தலையிலே?" என்று கேட்டு, இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு நல்ல காலத்துக்குத்தான் உதவும்.

மூன்றாவது சங்கதி, பெயர். ஏற்றுமதியிலே ஊர்ப்பெயர் செல்லாது, எண்தான் செல்லும். உலகம் முழுவதும் வெங்காயத்துக்கும் சின்ன வெங்காயத்துக்கும் முதல் ஆறு இலக்கம் ஒன்றே: 0703 10. அதற்குப் பின்னாலே நம் நாடு சேர்க்கிற இரண்டு இலக்கத்திலேதான் பிரிவு வரும். ஆகவே உத்தரவு ஆறு இலக்கத்தோடு நின்றால் சின்ன வெங்காயமும் அதிலே மாட்டும். சில நேரம் ஒரு வகைக்கு மட்டும் விலக்கு வரும். 2020 தடையின்போது அக்டோபரிலே பெங்களூர் ரோஸ் வெங்காயம் 10,000 டன்னும், கிருஷ்ணாபுரம் வெங்காயம் 10,000 டன்னும் அனுப்ப அனுமதித்தார்கள். அரிசியிலும் இப்படித்தான். 2023 ஜூலை 20-இலே பாசுமதி அல்லாத பச்சரிசிக்குத் தடை. ஆகஸ்டிலே புழுங்கல் அரிசிக்குத் தடை இல்லை, நூற்றுக்கு 20 வரி. "அரிசிக்குத் தடை" என்று கேட்டுவிட்டுப் புழுங்கல் ரக நெல்லை மலிவாகத் தள்ளிவிட்டால் நஷ்டம் யாருக்கு?

"அதெல்லாம் இங்கிலீஷிலே இருக்குமே, நாங்க எங்கே பார்க்கிறது?" என்பீர்கள். ஒவ்வொருவரும் பார்க்க வேண்டியதில்லை. உங்கள் உழவர் உற்பத்தியாளர் கம்பெனியிலோ, குழுவிலோ படித்த பிள்ளை ஒருவரிடம் இந்த வேலையைக் கொடுங்கள். வாரம் இரண்டு தரம், அறுவடைக் காலத்திலே தினமும், அந்த இயக்குநரகத்தின் இணையதளத்தையும் சுங்க வரி அறிவிப்பையும் பார்த்து, ஒரு நோட்டிலே நாலு விஷயம் எழுதட்டும்: அறிவிப்பு எண்ணும் தேதியும், எந்தப் பொருள், எந்த எண், தடையா, விலையா, வரியா, எந்த நாளிலிருந்து. வாட்ஸ்அப்பிலே வருகிற செய்தியிலே அறிவிப்பு எண் இல்லையென்றால் அதை நம்பி ஒரு மூட்டைகூட நகர்த்தாதீர்கள். சந்தேகம் வந்தால் சென்னை, கோவை, மதுரையிலே உள்ள இயக்குநரக அலுவலகங்களிலே கேட்கலாம்.

குழுவே நேரடியாக ஏற்றுமதி செய்வதாக இருந்தால், ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் விவரத்தை வருஷந்தோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் சரிபார்த்து உறுதி செய்ய வேண்டும். மாற்றம் எதுவும் இல்லையென்றாலும் செய்ய வேண்டும். விட்டால் எண் முடங்கிவிடும். கதவு திறந்திருந்தும் நாம் வெளியே நிற்க வேண்டிவரும்.

வாங்குகிற நாட்டையும் ஒரு கண் பாருங்கள். இலங்கையிலே 2007-ஆம் வருஷத்துச் சட்டப்படி வெங்காயம், உருளைக்கிழங்கு போன்றவற்றுக்கு விசேஷப் பண்ட வரி போட்டு, அரசிதழ் அறிவிப்பாலே கூட்டியும் குறைத்தும் வந்திருக்கிறார்கள். இங்கே திறந்து அங்கே வரி ஏறினால் பலன் ஒன்றுதான்.

விதை வாங்கும்போது முளைப்புத் திறன் பார்க்கிறோம், உரம் வாங்கும்போது மூட்டையைத் திருப்பிப் பார்க்கிறோம். பட்டறையைப் பிரிக்கும் முன்பு அன்றைய உத்தரவையும் ஒரு தரம் பார்த்துவிடுங்கள். அறுவடைக்கு முன்னாலேயே அந்த நோட்டை ஆரம்பித்துவிடுங்கள்.