பிறந்த நாளில் போடும் ஊசி



மஞ்சட்காமாலை கண்டால் நாம் பதறுகிறோம். கண் தெளிந்ததும் நோய் தீர்ந்ததென மறந்துவிடுகிறோம். ஆயினும் ஹெபடைடிஸ் பி என்னும் வைரஸ், கண்ணை மஞ்சளாக்காமலே கல்லீரலில் குடியேறி, பல ஆண்டுகளுக்குப் பின் புற்றுநோயை விளைவிக்கக்கூடும். அது எவ்வாறு என்பதை இன்று ஆராய்வோம்.

ஒவ்வோர் உயிரணுவும் செய்ய வேண்டிய வேலைகள் டி.என்.ஏ. என்னும் ஏட்டில் எழுதப்பட்டுள்ளன. இவ்வைரஸின் ஏடு சுமார் 3,200 எழுத்துக்களே கொண்டது. அது கல்லீரல் உயிரணுவின் உட்கருவில் நிலைபெறுகிறது. அதன் துண்டுகள் நமது ஏட்டின் நடுவே செருகிக்கொள்கின்றன. கிராமக் கணக்கில் யாரும் அறியாமல் ஒரு வரி நுழைந்தால் பின்னர் எத்தனை வழக்குகள் விளையும் என்பதை நாம் அறிவோம். நோயாளிகள் பலரிடம் இச்செருகல், டெலோமெரேஸ் என்னும் நொதிக்குரிய மரபணுவின் அருகே காணப்படுகிறது. அடங்கிக் கிடக்க வேண்டிய அம்மரபணு விழித்துக்கொண்டால், உயிரணு எல்லையின்றிப் பெருகும் ஆற்றல் பெறுகிறது. கெட்டுப்போன உயிரணுவைத் தடுத்து நிறுத்துவது பி53 என்னும் காவற்புரதம். வைரஸின் எக்ஸ் புரதம் அதன் பணிக்கும் இடையூறு செய்கிறது.

மற்றொரு கேடும் உண்டு. உடலின் எதிர்ப்புச் சக்தி, வைரஸ் தங்கிய உயிரணுக்களை அழிக்கிறது. கல்லீரல் புதியனவற்றை வளர்க்கிறது. ஆண்டுக்கணக்கில் இது நீடித்தால் தழும்பு ஏறுகிறது, டி.என்.ஏ.வைப் படியெடுக்கும்போது பிழைகள் மலிகின்றன. பிழைகள் சேரச்சேரப் புற்று உருவாகிறது.

பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றுப் பெறும் குழந்தைகளில் சுமார் 90 சதவீதத்தினரிடம் வைரஸ் நிலைத்துவிடுகிறது. வளர்ந்தவர்களிடமோ 5 சதவீதத்திற்கும் குறைவு. ஆகவேதான் பிறந்த 24 மணி நேரத்திற்குள் முதல் ஊசியும், 6, 10, 14-ஆம் வாரங்களில் அடுத்த ஊசிகளும் அரசாங்கத்தால் இலவசமாகப் போடப்படுகின்றன. தைவான் நாட்டில் 1984-இல் இத்தகைய தடுப்பூசித் திட்டம் தொடங்கியது; அதன்பின் சிறுவர்களிடையே கல்லீரல் புற்றுநோய் குறைந்ததை 1997-இல் வெளியான ஆய்வு காட்டியது.

"பச்சைக் குழந்தைக்கு ஊசியா?" என்று பாட்டிமார் தயங்குவது பாசத்தால்தான். அந்தப் பாசமே முதல் நாளில் ஊசியைக் கேட்டுப் பெறட்டும். கர்ப்பிணிகள் அனைவரும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். தொற்று இருப்பின் வெட்கம் வேண்டா. உடன் அமர்ந்து உண்பதால் இது பரவாது. தேவைப்படுவோருக்கு வைரஸை அடக்கும் மாத்திரைகள் உண்டு. 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம்.

நம் ஒன்றியத்தில் பிறக்கும் எந்தக் குழந்தையும் இந்த முதல் ஊசியின்றி வீடு திரும்பாதிருக்க ஒவ்வோர் ஊராட்சியும், ஒவ்வொரு மகளிர் குழுவும் பொறுப்பேற்குமாறு வேண்டுகிறோம்.