பிறவாத மீன்கள்



ஏரியில் மீன் செத்து மிதந்தால் பத்திரிகையில் படம் வருகிறது, அதிகாரிகள் வந்து குப்பியில் தண்ணீர் எடுத்துப் போகிறார்கள். பிறக்கவேண்டிய மீன் பிறவாமலே போனாலோ பிணமுமில்லை, நாற்றமுமில்லை, ஆகவே விசாரணையுமில்லை.

அம்பத்தூரில் 1964-இல் எழுந்த தொழிற்பேட்டையால் இங்கே எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது; அந்த நன்றியை மறந்து நான் பேசவில்லை. எனினும், அம்பத்தூர் ஏரி நிரம்பிக் கொரட்டூருக்கும், அது நிரம்பி ரெட்டேரிக்கும் செல்லும்படி முன்னோர் வகுத்த நீர்த்தொடரில், மழைநீரோடு சாக்கடையும் ஆலைக்கழிவும் கலந்தோடுவதையும், கொரட்டூர்வாசிகள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் படியேற நேர்ந்ததையும் தாங்கள் அறிவீர்கள்.

சாக்கடை நாளடைவில் மக்கிப்போகும். முலாம் பட்டறைக் கழிவிலுள்ள குரோமியமும் காட்மியமும் மக்குவதில்லை, சேற்றில் படிந்து தங்கி, மீனின் உடம்பிலும் ஏறிவிடும். விரால் கழுவும்போது தாய்மார்கள் காணும் அந்த மஞ்சள் சினைக்குரிய சத்து சினைப்பையில் உண்டாவதன்று; சினைப்பையின் ஏவலால் ஈரலில் புரதமாகச் சமைந்து, இரத்தத்தோடு சென்று முட்டைக்குள் சேர்வது. காட்மியமோ சுண்ணாம்புச்சத்தின் வேஷத்தில் உடம்பில் நுழைந்து, ஏவலையும் ஈரலையும் ஒருங்கே குலைக்கவல்லது. சினை சிறுக்கலாம்; பொரிக்கும் குஞ்சும் முதுகு வளைந்திருக்கலாம். அதுபோலவே மற்றொரு உலோகமான பாதரசம் கெளுத்தியின் விந்தகத்தைக் கெடுப்பதைக் காசி இந்து சர்வகலாசாலையில் ஆராய்ந்தே காட்டியிருக்கிறார்கள். இவ்வளவுக்கும் தாய்மீன் கொழுகொழுவென்று வலையில் வரக்கூடும்!

“ஜிலேபி துள்ளுகிறதே, ஏரிக்கு என்ன கேடு?” என்பாருண்டு. சாக்கடையிலும் பிழைத்து, முட்டையை வாயிலேயே அடைகாக்கும் அந்த மீனைப் பிரமாணமாகக் கொள்வது, எதற்கும் தலையாட்டுகிறவனைச் சாட்சிக்கூண்டில் ஏற்றுவது போலாகும். தாயும் தந்தையும் காவல்நிற்க, விராலின் செங்குஞ்சுகள் திரளாக நீர்மேல் எழுந்து மூச்செடுக்கின்றனவா என்றல்லவா பார்க்கவேண்டும்?

இதற்குக் காவல் இல்லாமலில்லை: ஆறிணைதிறக் குரோமியம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்று கழிவுநீருக்குச் சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது. அது குழாய்முனையில் எடுக்கும் நீருக்கேயன்றி, ஆண்டாண்டாகச் சேற்றில் சேர்ந்ததற்கு அன்று. ஆகையால், வரத்துக்கால்வாய் ஏரியில் விழும் இடத்துச் சேற்றையும், அங்கே பிடிபடும் மீனின் ஈரலையும் சினையையும் ஆண்டுதோறும் சோதித்து, முடிவைத் தமிழில் அச்சிட்டு ஏரிக்கரையிலேயே ஒட்டவேண்டும் என்று இந்த அவை இன்றே தீர்மானம் நிறைவேற்றவேண்டுகிறேன். முன்மொழிபவன் நான்; வழிமொழிய விரும்புவோர் எழுந்து நிற்கலாம்.