தைக்குமுன் பார்க்க ஒரு சுவர்
(ஓமலூரில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



ஞாயிறு பள்ளியின் ஃபிளானல் பலகை உங்களுக்கு நினைவிருக்கும். பின்புறம் ஃபிளானல் ஒட்டிய படம், பசையும் ஊசியும் இல்லாமலே அதில் நிற்கும். எடுத்து வேறிடத்திலும் வைக்கலாம். துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைப்பவர்கள் 'டிசைன் சுவர்' என்பதும் இதுவே.

இப்படிப் போர்வை தைக்கப் பல வழிகள் உண்டு. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்துச் சித்திப் பெண்கள், 'கவந்தி' என்னும் போர்வையை ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே போவார்கள். அவர்களுக்குச் சுவர் வேண்டாம். நாமோ சதுரங்களை முதலில் வெட்டி, பிறகு இணைக்கிறோம். தைத்தபின் 6 அங்குலம் வரும் சதுரமானால், 5 அடிக்கு 6 அடிப் போர்வைக்கு 120 துண்டுகள். தரையில் பரப்பினால் பிள்ளைகள் மிதிப்பார்கள். முழங்கால் வலிக்காரர் குனியவும் முடியாது. வரிசை தப்பித் தைத்துவிட்டுப் பிரித்தாலோ, அம்மாவின் பழைய சேலைத் துண்டு கிழிந்தே போகும்.

செய்முறை எளிது. போர்வை அளவுக்கு ஃபிளானல் துணியை ஒரு கழியில் கோத்துச் சுவரில் தொங்கவிடுங்கள். வேலை முடிந்ததும் சுருட்டிவிடலாம். பருத்தித் துண்டுகள் அதன் பஞ்சில் ஒட்டி நிற்கும். நழுவினால் ஒரு குண்டூசி போதும். எட்டடி தள்ளி நின்று, கண்களைச் சற்றுச் சுருக்கிப் பாருங்கள். வெளிர் நிறம் ஒரே பக்கம் குவிந்திருந்தால் உடனே தெரியும். மாற்றி வைத்து, வரிசை எண்ணைச் சாக்கட்டியால் பின்புறம் எழுதி, அதன்பின் தையுங்கள்.

வீட்டில் பக்கவாதத்தால் படுத்திருக்கும் பெரியவர் இருந்தால், அவர் கட்டிலுக்கு எதிரே இதைத் தொங்கவிடுங்கள். "அந்தச் சிவப்பை மேலே வை" என்று அவர் சொல்லட்டும். ஊசி பிடிக்க முடியாதவருக்கும் அந்தப் போர்வையில் பங்கு உண்டு.