லொறியில் எதை ஏற்றுவது?

 

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வந்தபோது வீட்டுக்கு என்ன வாங்குவது என்று யாரும் யோசிக்கவில்லை. கையில் ஒன்றும் இருக்கவில்லை. பல வருடம் கழித்து முசலிக்குத் திரும்பும்போதுதான் அந்த யோசனை வருகிறது.

புது வீட்டுக்கென்று சிலர் இப்போதே தவணைக்கு பிரிட்ஜ் பார்க்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். ஒருமுறை ஊருக்குப் போய், உங்கள் வளவுக்குக் கறண்ட் வந்துவிட்டதா என்று பாருங்கள். கறண்ட் இல்லாத வீட்டில் பிரிட்ஜ் வெறும் அலுமாரிதான். ஆனால் தவணை மாதாமாதம் கட்டத்தான் வேண்டும். ஏற்கெனவே பிரிட்ஜ் வைத்திருப்பவர்கள் அதை நிமிர்த்தியே ஏற்றுங்கள். வழியில் படுக்க வைக்க நேர்ந்தால், இறக்கிய உடனே பிளக்கைச் செருகாமல் ஒரு நாள் நிமிர்த்தி வையுங்கள்.

மரத்தூளை அழுத்திச் செய்த அலுமாரி பார்க்க அழகு, விலையும் குறைவு. வாடைக்காலத்தில் கூரை ஒழுகினால் ஊதிப் பொரிந்துவிடும். அதைவிட, நல்ல மரத்தில் செய்த பழைய அலுமாரி எவ்வளவோ மேல். காலுக்குக் கீழே கல் வையுங்கள்.

கேஸ் அடுப்பு வாங்குமுன், அங்கே பக்கத்துக் கடையில் எந்தக் கம்பனியின் சிலிண்டர் மாற்றலாம் என்று கேளுங்கள்.

முதல் வாரத்துக்கு மூடியுள்ள தண்ணீர் வாளி, நுளம்பு வலை, டோர்ச், பாய், மண்வெட்டி போதும்.

தையல் மெஷினை விற்று பிரிட்ஜுக்கு முற்பணம் கட்டலாமா என்று ஒரு தாய் கேட்டார். வேண்டாம், உம்மா. மிதித்து ஓட்டும் மெஷினுக்குக் கறண்ட் தேவையில்லை, போன மாதமே உழைக்கத் தொடங்கலாம். லொறியில் அதை முதலில் ஏற்றுங்கள்.