ஊர் பார்த்து வந்தது குற்றமா?

(குறிஞ்சாக்கேணியில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரை)



தமிழகம் சென்று திரும்பியவன் கண்டதையும் கேட்டதையும் கூறவேண்டும் என்று தலைவர் அவர்கள் பணித்தார்கள். கோயில் குளங்களையும் கடைத்தெருக்களையும் வருணித்து உங்கள் நேரத்தை வீணாக்க நான் விரும்பவில்லை. மூதாதையர் மண்ணைப் பார்க்கப் போவது மனிதனுக்கு இயல்பான ஆசை. அந்த ஆசையையே குற்றமாக்கி ஒரு மக்கட்கூட்டத்தின் குடியுரிமையைப் பறித்த சட்டமொன்று இந்நாட்டில் இருந்தது. அதைப் பற்றியே இன்று பேச எழுந்திருக்கிறேன்.

என் பாட்டனாரின் பாட்டனார் திருச்சி மாவட்டம் துறையூருக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூரில் பிறந்தவர். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்தில், கங்காணியின் பின்னால் புறப்பட்டு, கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைக்குக் கால்நடையாக ஏறியவர். அவருடைய மகன் இலங்கைத் தோட்டத்தில் பிறந்தார். பேரனும் அங்கேயே பிறந்தார். அந்தப் பேரனே என் பாட்டனார். காட்டை வெட்டித் தேயிலைத் தோட்டமாக்கிய தலைமுறைகள் இவை.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. இந்நாட்டில் பிறந்தவன் என்பது போதாது. தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது அச்சட்டம். அதில் 'தமிழன்' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. ஆனால் லயத்துக் காம்பராவில் பிறந்த குழந்தைக்கு 1880களில் யார் பிறப்புச் சான்று எழுதினார்கள்? என் பாட்டனாரின் தந்தை இலங்கையில் பிறந்தார் என்பது உண்மை. அந்த உண்மைக்குத் தாள் இல்லை. தாள் இல்லாத உண்மை நீதிமன்றத்தில் ஊமை!

அடுத்து 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் வந்தது. மணமானவர் 1946 சனவரி முதல் நாளுக்கு முன் ஏழாண்டும், மணமாகாதவர் பத்தாண்டும் இடைவிடாது இங்கே வசித்ததை எண்பிக்க வேண்டும். ஒரு தடவை பன்னிரண்டு மாதத்திற்கு மேல் வெளியே தங்கினால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும். இரண்டாண்டுக் கெடுவுக்குள் ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் குவிந்தன. அவற்றின் பின்னே எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் நின்றனர். முடிவில் குடியுரிமை பெற்றவர்கள் சுமார் 1,34,000 பேரே!

என் பாட்டனாரின் விண்ணப்பம் ஏன் தள்ளப்பட்டது? 1944இல் குலதெய்வத்திற்கு நேர்த்திக்கடன் செலுத்தத் துறையூர் சென்றார். போன இடத்தில் காய்ச்சலில் விழுந்தார். எழுந்து தோட்டம் திரும்பப் பதினான்கு மாதங்கள் ஆயின. செக்ரோலைப் புரட்டிய விசாரணை அதிகாரி, அந்தப் பதினான்கு மாதங்களுக்குப் பெயர் இல்லை என்பதைக் கண்டார். "உனக்கு ஊர் அங்கே இருக்கிறது, இங்கே நீ வந்து போகிறவன்" என்றார். அறுபது தலைமுறை ஆண்ட அரசன் போனாலும் தன் குலதெய்வத்தைக் கும்பிடப் போகலாம், கூலிக்காரன் போகக்கூடாதாம்!

தோழர்களே! இது ஓர் அதிகாரியின் தனிப்பட்ட கருத்தாக மட்டும் இருந்திருந்தால் பொறுத்திருக்கலாம். கோடக்கன் பிள்ளை வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. 1953இல் அங்கே வழங்கப்பட்ட தீர்ப்பு, இந்தியத் தமிழரின் 'போய்வரும் பழக்கம்' அவர்கள் குடிமக்களாகத் தகுந்தவர்களா என்பதற்கு நேரடித் தொடர்புடைய செய்தி என்று ஏற்றுக்கொண்டது. விடுமுறைக்கு இங்கிலாந்து சென்று திரும்பும் தோட்டத் துரை போனது ஓய்வு. தாயின் சாவுக்குப் போன தொழிலாளி போனது நாடோடித்தனம்! இதுவா நியாயத் தராசு?

பிறகு 1964 அக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 மக்களை இரண்டு தலைநகரங்கள் கூறுபோட்டன. 5,25,000 பேர் அங்கே. 3,00,000 பேர் இங்கே. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்ப்போம் என்றனர். 1974இல் அந்த எச்சத்தையும் சரிபாதியாகப் பிளந்தனர். ஆனால் மக்களிடம் கேட்டபோது என்ன நடந்தது? இந்தியக் குடியுரிமை கேட்டவர்கள் ஏறத்தாழ நான்கு இலட்சம். இலங்கைக் குடியுரிமை கேட்டவர்களோ ஆறு இலட்சத்துக்கும் மேல். கணக்கு ஒரு பக்கம், மக்கள் மனம் மறுபக்கம்!

என் அத்தை 1973இல் அனுப்பப்பட்டார். மலைநாட்டு நிலையங்களிலிருந்து புறப்பட்ட அந்த இரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. தலைமன்னாரில் கப்பல் ஏறிய அத்தையை, ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் கோத்தகிரியில் கண்டேன். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்கத் தமிழக அரசு 1968 முதல் நீலகிரியில் தேயிலை நட்டது. பிறந்த நாட்டில் கொழுந்து பறித்த கை, 'தாய்' நாட்டிலும் கொழுந்தே பறித்தது. எண்பது வயதைக் கடந்த அத்தை என் கையைப் பற்றிக்கொண்டு சொன்னார்: "அங்கே இருந்தமட்டும் இந்தியாக்காரி என்றார்கள், தம்பி. இங்கே வந்த நாளிலிருந்து சிலோன்காரி என்கிறார்கள். ரெண்டு ஊர்ப் பேரும் கெடச்சுது, ஊருதான் கெடைக்கல."

துறையூர்ச் சிற்றூருக்கும் போனேன். அன்புக்குக் குறைவில்லை. எங்கள் கிளையின் பெயரைச் சொன்னதும் ஒரு பெரியவர் திண்ணையில் இடம் கொடுத்தார், மோர் கொடுத்தார். குலதெய்வக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். கற்பூரம் அணையும் முன்னே அவர் கேட்டது: "தம்பி எப்போ ஊருக்குத் திரும்புறீங்க?" அந்த ஒரு கேள்வியில் என் வழக்கு முழுவதும் தீர்ந்துவிட்டது. 'ஊர்' என்று அவர் சொன்னது துறையூரை அல்ல, திருகோணமலையை! தீர்ப்பளித்த நீதியரசர்களுக்குத் தெரியாதது, எழுத்தறியாத அந்தக் கிழவருக்குத் தெரிந்திருந்தது.

திருச்சிக் கொட்டப்பட்டு முகாமுக்கும் போனேன். 1983க்குப் பின் உயிருக்கு அஞ்சி ஓடியவர்களில் மலையகக் குடும்பங்களும் உண்டு. அங்கே பிறந்த பிள்ளைகள் வளர்ந்து, அவர்களுக்கும் பிள்ளைகள் பிறந்துவிட்டன. பாட்டன் திருச்சியான், பேரன் பிறந்ததும் திருச்சியில், ஆயினும் அவன் இந்தியன் அல்லன்! 1987 சூலைக்குப் பின் பிறந்தவனுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்கிறது அந்நாட்டுச் சட்டம். 2019இல் திருத்திய சட்டம் மூன்று அண்டை நாடுகளுக்குக் கதவைத் திறந்தது. அதிலும் இலங்கை இல்லை, முசுலிமும் இல்லை. அதே 2019இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இத்தகைய இந்திய வம்சாவளியினரின் விண்ணப்பங்களைப் பரிவோடு பார்க்கச் சொன்னது. பரிவு வேறு, உரிமை வேறு, தோழர்களே!

இதைக் குறிஞ்சாக்கேணியில் ஏன் பேசுகிறேன் என்று நினைக்கலாம். 1956 ஆகஸ்டில் இதே திருகோணமலையில் கூடிய தமிழரசுக் கட்சி மாநாடு, மொழிக்கும் மண்ணுக்கும் குரல் கொடுத்தபோதே, குடியுரிமைச் சட்டங்களை ஒழிக்க வேண்டும் என்றும் கேட்டது. மலைநாட்டான் துயரைத் திருமலை தன் துயராக ஏற்றது. 1977இல் அடிபட்டு ஓடிவந்த எங்கள் குடும்பத்துக்கு இந்த மாவட்டமே நிழல் கொடுத்தது.

இன்னொன்றும் உண்டு. 2021 நவம்பர் 23ஆம் நாள் இந்தக் குறிஞ்சாக்கேணித் துறையில் மிதவைப் படகு கவிழ்ந்து பள்ளிக் குழந்தைகளின் உயிர் போயிற்று. ஓரிடத்திலிருந்து மறுகரைக்குப் பத்திரமாய்ப் போய் வருவது எளிய மனிதனின் உரிமை. கடலானாலும் களப்பானாலும் அது ஒன்றே. போகும் வழியைப் பேணாத அரசு, போனவனைக் குற்றம் சொல்ல உரிமையற்றது!

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இந்நாட்டில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினரில் நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கியது. வரவேற்கிறேன். ஐம்பத்தைந்து ஆண்டுகள் தாமதித்து வந்தது என்பதையும் மறக்கமாட்டேன். வாக்குச்சீட்டு வந்துவிட்டது, ஆனால் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த லயத்தின் கீழுள்ள நிலம் பலருக்கு இன்னும் சொந்தமில்லை. உறுதி இல்லாத காணியில் குடியிருப்போர் இந்த அவையிலும் இருக்கிறீர்கள்.

ஆகவே ஒன்றே ஒன்று கேட்கிறேன். வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய துண்டு, செக்ரோல் படி, பிறப்புச் சான்று, வரி கட்டிய பற்றுச்சீட்டு எதையும் எறியாதீர்கள். எடுத்து வாருங்கள். கூலி வாங்காமல் படிவம் எழுத நானும் என் நண்பர்களும் இருக்கிறோம். என் பாட்டனாரிடம் உண்மை இருந்தது, தாள் இல்லை. அந்த நிலை இனி ஒருவருக்கும் வரலாகாது!

நாகபட்டினத்தில் கப்பல் ஏறிக் காங்கேசன்துறையில் இறங்கியபோது அதிகாரி என் கடவுச்சீட்டில் முத்திரை குத்தித் தந்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த முத்திரையை என் பாட்டனார் பார்க்கவில்லை. மூதாதையர் ஊரைப் பார்த்து வந்தேன், மகிழ்ந்தேன், வணங்கினேன். திரும்பி வந்த இடமே என் ஊர். இதைச் சொல்ல எவருக்கும் நான் சான்று காட்ட வேண்டியதில்லை என்ற நாளை உருவாக்கியவர்களுக்கும், அதை உங்களோடு காக்கப்போகிறவர்களுக்கும் என் நன்றி.